இரண்டரை மணிக்கு மழை

பதினொன்று. பன்னிரண்டே முக்கால். ஒன்றரை.
இப்போது இரண்டு பத்து.
ஒவ்வொரு தடவையும் அதே ஒழுங்கு:
முதலில் தொட்டில் துணியைக் காலால் உதைப்பாள்,
பிறகு பூனை தும்மியதுபோல் ஒரு சத்தம்,
அதற்குப் பிறகு களியல் முழுக்கக் கேட்கும்.

பன்னிரண்டே முக்காலுக்கும் ஒன்றரைக்கும்
தட்டியே உறங்க வைத்துவிட்டேன்.
இது பசி. அழுகையின் அடியில்
ஒரு கரகரப்பு இருக்கிறது.

ஃபிரிட்ஜில் மூன்று கிண்ணம் இருந்தது, ஒன்று காலி.
ஆஸ்பத்திரி பிளாஸ்டர் ஒட்டி
பால்பாயிண்ட் பேனாவில் விஜிலா எழுதியிருக்கிறாள்: 1, 2, 3.
கதவில் தனியாக ஒரு பிளாஸ்டர்:
"கொதிக்க வைக்கண்டாம். வெந்நீருக்குள்ள வச்சா போதும்."
நான் ஒரு தடவைதான் கொதிக்க வைத்தேன்,
அதுவும் முதல் நாள்.

கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.
போகாது இது.
ஷீட்டுக்கு ஊற்றுகிற ஆசிட், புகை, ஒட்டுப்பால்,
நகத்துக்கடியில் பதினாறு வருஷம்.
என் விரலை மோந்து பார்த்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
நாற்றம் பிடிக்கவில்லை என்று சொல்ல
ஐந்து மாதப் பிள்ளைக்கு வார்த்தை வேண்டாம்.

கொடியில் கிடந்த விஜிலாவின் நைட்டியை
எடுத்துத் தோளில் போட்டேன்.
யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.
கழுத்துப் பக்கம் உலர்ந்த பாலின் வாடை.
அதில் மூக்கைப் புதைத்து
ஒரு பெருமூச்சு விட்டாள்,
கடைசி பஸ் கிடைத்தவளைப் போல.

பாலாடையின் நுனியைக் கீழுதட்டில் வைத்துவிட்டுக்
காத்திருக்க வேண்டும். ஊற்றக் கூடாது.
எனக்குத் தெரிந்த வேலைதான்:
பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவிவிட்டுக்
கையை எடுத்துவிட வேண்டும்,
மீதியை மரம் பார்த்துக்கொள்ளும்.
அவசரக்காரன் கத்தி பட்ட மரம்
முண்டும் முடிச்சுமாக நிற்கும், ஆயுசுக்கும்.

"பைய மக்களே, பைய.
உனக்க பால யாரு பறிக்கப் போறா."

எனக்கு முந்நூறு மரம்.
இன்றைக்கு வெட்டினால் நாளைக்கு விட வேண்டும்,
இல்லையென்றால் பால் வற்றும்.
தோட்டத்து முதலாளிக்கே தெரியும் அது.
மார்த்தாண்டத்தில் இந்நேரம்
டிரெஸ்ஸிங் அறைக் கதவுக்கு ஸ்டூலை முட்டுக்கொடுத்துச்
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள் விஜிலா,
நாளைய கிண்ணங்களுக்காக.
பெல் அடித்தால் பாதியில் எழுந்து ஓடுவாள்.
ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதெல்லாம்
மரத்துக்கு மட்டும்.

மூன்று மணிக்கு மைனி டார்ச்சடித்துக்கொண்டு வருவாள்,
பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு
நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும்.
கத்தி தீட்டியாயிற்று.
இவளோ கண்ணை உருட்டி
மேலே ஓட்டுக்கம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
தோளில் போட்டு முதுகைத் தட்டியபடி நடக்கிறேன்:
அடுக்களை, நடை, ஷீட் தொங்கும் கயிறு,
திரும்ப அடுக்களை.
ஏப்பம் வரவில்லை.
வந்தது ஓட்டின்மேல் ஒரு சொட்டு.

பிறகு மலைப்பக்கமிருந்து, இலை இலையாக.

இந்தச் சத்தத்தை எவ்வளவு திட்டியிருக்கிறேன்.
பட்டை நனைந்தால் வெட்ட முடியாது,
சிரட்டையில் தண்ணீர் விழுந்தால்
வெட்டியதும் வீண்.
மைனிக்குப் போன் அடித்தேன்:
"இன்னிக்கி வெட்டு இல்ல மைனி, கெடந்து ஒறங்குங்க."
"பிள்ள ஒறங்கிச்சா?"
"இல்ல."
ஏனோ இரண்டு பேருமே சிரித்தோம்.

எழுநூறு ரூபாய் போகிற சத்தம்
ஓட்டின்மேல் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்போது விட்டாள் ஏப்பத்தை.
என் கழுத்து நனைந்தது, நைட்டியும் நனைந்தது.
கண் செருகிற்று; விரல்கள் மட்டும்
அம்மையின் துணியை விடவில்லை.
இறக்கிக் கிடத்தினால் எழுந்துவிடுவாள்,
அதனால் சுவரில் சாய்ந்து இப்படியே உட்கார்ந்தேன்.
மூன்றாவது கிண்ணம் இருக்கிறது.
நாலு மணிக்கு எழுந்தால் எழட்டும்.

காலை பஸ்ஸில் வருகிறவள்
குடை எடுத்துப் போகவில்லை.
கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.